திண்ணைப் பள்ளிக்கூடத்தின் நான்கு வகுப்புகள்

திண்ணைப் பள்ளிக்கூடம் ஒரு வாத்தியாரின் சொந்தப் பள்ளிக்கூடம். அதற்கென்று கட்டடம் தேவைப்படவில்லை. வீட்டுத் திண்ணையோ மண்டபமோ மரத்தடியோ போதும். பெற்றோர் தந்த காசிலும் நெல்லிலும்தான் வாத்தியாரின் பிழைப்பு நடந்தது. சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் உத்தரவிட்ட கணக்கெடுப்பின்படி, மாகாணத்தில் 12,498 கல்விச்சாலைகளில் 1,88,650 பேர் படித்தார்கள். அதில் பெண்கள் 4,540 பேர்தான். பள்ளிக்குச் சராசரியாகப் பதினைந்து பிள்ளைகள். சிறிசும் பெரிசுமாக எல்லாரும் ஒரே இடத்தில், ஒரே வாத்தியாரிடம்.

இந்தக் கூட்டத்தை அவர் எப்படிப் பிரித்து நடத்தினார் என்பதை, பல்லாரி கலெக்டர் ஏ. டி. கேம்பெல் 1823-இல் எழுதிய அறிக்கை விவரமாகச் சொல்கிறது. பல்லாரி கன்னடமும் தெலுங்கும் வழங்கிய மாவட்டம் என்றாலும், நடைமுறை தமிழ்நாட்டுத் திண்ணையிலிருந்து அதிகம் மாறுபடவில்லை. காலையில் முதலில் வந்தவன் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள். இரண்டாவது வந்தவனுக்குச் சுழியம்: புகழும் இல்லை, பழியும் இல்லை. மூன்றாமவனுக்கு ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு. இப்படியே ஏறிக்கொண்டு போகும். பதினைந்தாவதாக வந்தவன் பதின்மூன்று அடி வாங்கியிருக்க வேண்டும்.

எல்லாரும் வந்து சேர்ந்ததும் பெரும்பாலும் நான்கு வகுப்புகளாக உட்காருவார்கள். வயது கணக்கில்லை; படிப்பில் எவ்வளவு தேறினான் என்பதே கணக்கு. மணலில் விரலால் எழுத்துப் பழகுபவன் கடைசி வகுப்பு. எழுத்துப் பிடிபட்டால் ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். கெட்டிக்காரன் ஆண்டு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தேறியவுடன் மேல் வகுப்புக்குப் போய்விடலாம். கீழ் வகுப்புகளை மேற்பார்க்க மூத்த மாணவன் ஒருவன் இருப்பான். தமிழ்நாட்டில் அவன்தான் சட்டாம்பிள்ளை. மேல் வகுப்பை வாத்தியாரே நடத்துவார், ஒரு கண்ணை மற்றவர்கள் மேல் வைத்தபடி. செலவு குறைந்த இந்த ஏற்பாட்டைப் பாராட்டிய கேம்பெல், பொருள் தெரியாமல் செய்யுளை உருப்போட வைப்பதைக் கடிந்துகொண்டார். அந்தக் குறை நியாயமானதே.

மாணவனைக் கொண்டே மாணவனுக்குக் கற்பிக்கும் இந்த முறை கேம்பெல் எழுதுவதற்கு முன்பே கடல் கடந்துவிட்டது. 1789-இல் சென்னை எழும்பூரில் தொடங்கிய படைவீரர் அனாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பில் இருந்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். சுதேசிப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து, அதைத் தம் இல்லத்திலும் புகுத்த நினைத்தார். அங்கிருந்த ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. ஒரு சிறுவனையே அரிச்சுவடி வகுப்புக்கு ஆசிரியனாக்கினார், அது பலித்தது. 1797-இல் லண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கையால் அது ‘சென்னை முறை’ என்று பெயர் பெற்றது. 1811-இல் அமைந்த ஆங்கிலத் திருச்சபையின் தேசியக் கல்விச் சங்கம் அதைத் தன் பள்ளிகளில் பரப்பியது. மணல் எழுத்து இந்நாட்டுடையது என்பதை ஒப்புக்கொண்ட பெல், பிள்ளையைக் கொண்டு பிள்ளைக்குப் பாடம் சொல்வதைத் தம் கண்டுபிடிப்பு என்றார். சட்டாம்பிள்ளைகள் நிறைந்த ஊரில் இருந்துகொண்டு அப்படிச் சொன்னதை ஏற்பது கடினம்.

திண்ணையின் நான்கு வகுப்பு ஏற்பாட்டைக் கலைத்தது அரசு மானியம். 1854-ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கைக்குப் பிறகு தனியார் பள்ளிகளுக்கு மானியம் வந்தது. மானியத்தோடு இன்ஸ்பெக்டரும் வந்தார், பதிவேடும் வந்தது, வகுப்புவாரித் தேர்வும் வந்தது. தேர்ச்சியைப் பார்த்தே பணம் என்றானதும், வாத்தியார்கள் பிள்ளைகளை அரசு வகுத்த வகுப்புகளுக்குள் அடைத்தார்கள். தேறியவன் உடனே மேலே போகும் வழி அத்துடன் அடைபட்டது.