பாட்டு போன வழியில் பெயர் போகவில்லை: ப்ளூஸ் இசைத்தட்டும் ஏலமலைப் பாட்டும்



போடிநாயக்கனூர்க்காரனை நினைவுச் சொற்பொழிவுக்கு அழைத்தால், ஓர் ஆங்கில நடிகரின் இசைத்தொகுப்பைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறானே என்று உங்களுக்குத் தோன்றலாம். அங்கிருந்து தொடங்கினால்தான் நம் மலைப்பாட்டின் கதையை என்னால் சரியாகச் சொல்ல முடிகிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2011-இல் ஹியூ லாரி என்ற நடிகர் 'லெட் தெம் டாக்' என்ற ப்ளூஸ் ஆல்பத்தை வெளியிட்டார். 'ஹவுஸ்' தொலைக்காட்சித் தொடரில் மருத்துவராக நடித்து உலகம் முழுக்க முகம் தெரிந்தவர். ஈட்டன் பள்ளியிலும் கேம்பிரிட்ஜிலும் படித்த வெள்ளையர். நியூ ஆர்லியன்ஸின் கறுப்பின இசைமேதை ஆலன் டூசான்ட் அந்த ஆல்பத்தின் ஊதுகருவிகளுக்கு இசை அமைத்துக் கொடுத்தார். அதே ஊரின் பாடகி இர்மா தாமஸும் அதில் பாடினார். அந்த இசை பிறந்த மண்ணில் தான் பிறக்கவில்லை என்பதை லாரி மறைக்கவில்லை. தனக்கு முன்னால் பாடியவர்களைப் பெயர் சொல்லி மதித்தார்.

வசதியான வெள்ளையர் கறுப்பர்களின் துயரத்தைப் பாடலாமா என்ற விவாதம் பழையது. என்னுடைய கேள்வி வேறு. பெயர் சொல்லி வணங்குவதற்கு அந்தப் பெயர்கள் அவருக்கு எப்படிக் கிடைத்தன?

அமெரிக்காவில் அடிமைமுறை 1865-இல் சட்டப்படி ஒழிந்தது. அதற்குப் பிறகும் தெற்கு மாநிலங்களின் பருத்திக் காடுகளில் வாரத்துக்கு உழுது, நிலக்காரனின் கடனில் கிடந்த மக்களிடமிருந்து வந்த பாட்டு ப்ளூஸ். ஆனால் முதலில் தட்டில் ஏறியது பருத்தி எடுத்தவரின் குரல் அல்ல. 1920 ஆகஸ்ட் 10 அன்று நியூயார்க்கில் மேமி ஸ்மித் 'கிரேஸி ப்ளூஸ்' பாட்டைப் பதிவு செய்தார். அவர் மேடைகளில் ஆடிப் பாடிவந்த கறுப்பினக் கலைஞர். பாட்டை எழுதியவரும் கறுப்பரான பெர்ரி பிராட்ஃபோர்டு. கறுப்பர் பாடிய தட்டை யார் வாங்குவார் என்று தயங்கிய வணிகம், அது விற்ற வேகத்தைப் பார்த்து அடுத்தடுத்து ப்ளூஸ் பாடகிகளைத் தேடி ஓடியது.

நம்மூரிலும் இதே கதைதான். கிராமபோன் வந்ததும் கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள் என நாடக மேடையில் பெயர் பெற்றவர்களைத் தேடிப் போனது. மேடை ஏறாதவரிடம் அது வரவில்லை.

தோட்டத்துக்குள் எந்திரம் போக இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின. 1941 ஆகஸ்டில் மிசிசிப்பியின் ஸ்டோவல் பருத்தித் தோட்டத்துக்கு இருவர் வந்தார்கள். ஒருவர் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் ஆலன் லோமாக்ஸ். மற்றவர் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் கறுப்பினப் பேராசிரியர் ஜான் வொர்க். தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிய ஓர் இளைஞரைப் பாடச் சொல்லிப் பதிவு செய்தார்கள். பின்னர் அவருக்கு 20 டாலரும் இரண்டு தட்டுகளும் வந்து சேர்ந்தன. தன் குரலைத் தட்டில் கேட்ட அந்த இளைஞர் 1943-இல் சிகாகோவுக்குக் கிளம்பிவிட்டார். அவர்தான் மட்டி வாட்டர்ஸ். பெயரும் ஊரும் தேதியும் எழுதப்பட்டிருந்ததால், அந்தத் தோட்டத்தின் பாட்டுக்கு இன்று ஒரு முகவரி இருக்கிறது.

அதே வேலையைச் செய்த ஜான் வொர்க்கின் கதி வேறு. புகழ் லோமாக்ஸுக்குப் போனது. வொர்க் எழுதிய ஆய்வு ஆவணக் குவியலில் கிடந்து, 2005-இல்தான் அச்சேறியது. அவர் 1967-லேயே இறந்துவிட்டார். பாடியவரின் பெயரை எழுதிவைத்தவரின் பெயரே விட்டுப்போயிற்று. ஒடுக்கப்பட்டவர்களின் வரலாற்றைத் தேடுகிறவர்களுக்கு இது புதிதல்ல.

இப்போது நம் மலைக்கு வருவோம்.

விடியுமுன் போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஜீப்புகள் கிளம்புகின்றன. அளவுக்கு மீறிப் பெண்களை ஏற்றிக்கொண்டு வளைவு வளைவாக ஏறி, போடிமெட்டிலும் கம்பமெட்டிலும் எல்லை தாண்டிப் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைத் தோட்டங்களுக்குப் போகின்றன. ஏலக்காய் மரத்தில் காய்ப்பதில்லை. செடியின் தூரில், தரையோடு கிடக்கும் சரத்தில் காய்க்கும். நாள் முழுக்கக் குனிந்தும் குத்தவைத்தும் எடுக்க வேண்டும். அந்தக் காய் போடியில் ஏலத்துக்கு வரும்போது, 7 மில்லிமீட்டரா 8 மில்லிமீட்டரா என்று சல்லடையில் அளந்து, குவியலுக்கு எண் போட்டு, விற்றவர் பெயரும் வாங்கியவர் பெயரும் எழுதி வைப்பார்கள். எடுத்தவர் பெயர் அதில் இருக்காது.

இந்த மலையில் பாட்டுக்குக் குறைவில்லை. 1956 நவம்பர் 1 மாநிலப் பிரிவினையில் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தல் வந்தபோது, பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகத் தோட்டத் தொழிலாளர் நடுவே பாடினார். தொழிலாளிக்குப் பழகிய மெட்டில் அரசியலை ஏற்றிப் பாடியவர் அவர். அவரோடு ஊர் ஊராகப் போய்ப் பாடிய தம்பிதான் இளையராஜா. பாவலர் 1973-இல் மறைந்தார். 1976-இல் 'அன்னக்கிளி' வந்தது. மலையடிவாரத்துத் தெம்மாங்கும் தாலாட்டும் ஒப்பாரியும் தட்டில் ஏறித் தமிழ்நாடு முழுக்கக் கேட்டன.

அவர் தன்னை எந்த அடையாளத்துக்குள்ளும் அடைக்க விடுவதில்லை. அது அவர் உரிமை, அதில் நான் கை வைக்கவில்லை. ஒரு செய்தியை மட்டும் சொல்கிறேன். 1986-இல் அவர் 'ஹவ் டு நேம் இட்?' என்ற ஆல்பத்தை வெளியிட்டார். இதற்கு என்ன பெயர் வைப்பது என்பதே தலைப்பு. அதைத் தியாகராஜருக்கும் ஜெர்மானிய மேதை பாக்குக்கும் காணிக்கை ஆக்கினார். அதில் குறை காண ஒன்றுமில்லை. தியாகராஜரின் கீர்த்தனைகளைச் சீடர்கள் எழுதிக் காத்தார்கள். பாக் தன் இசையைத் தானே எழுதினார். காணிக்கை வைக்க இரண்டு பெயர்கள் இருந்தன. களை எடுத்தும் காய் எடுத்தும் பாடிய பெண்களுக்குக் காணிக்கை வைக்க ஒருவர் நினைத்தாலும், எந்தப் பெயரில் வைப்பார்?

என் அம்மாச்சி இந்தத் தோட்டங்களில் காய் எடுத்தவர். சாவு வீட்டில் ஒப்பாரிக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒருமுறை பாட்டுச் சேகரிக்க வந்தவர்களுக்கு அரைநாள் கூலியை விட்டுவிட்டுப் பாடினார். பாட்டு ஒரு தொகுப்பில் அச்சானது. அடியில் 'பாடியவர்: கூலிப்பெண், ஏலத்தோட்டம்' என்று இருந்தது. அவருக்கு எழுத்து தெரியாது. நான்தான் வாசித்துக் காட்டினேன். "எம்பேரு எங்கடா?" என்று கேட்டார். எழுத இடம் பத்தவில்லை போல என்று சொல்லிச் சமாளித்தேன். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டு அலமாரியிலேயே டேப் ரிக்கார்டர் இருந்தது. அதில் சினிமாப் பாட்டுதான் பதிவு செய்து வைத்திருந்தேன். தொகுத்தவர்கள் மீது கோபப்பட எனக்கு எவ்வளவு உரிமை உண்டோ, என் மீது கோபப்படவும் அவ்வளவு காரணம் உண்டு.

2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலை எடுக்கும் தமிழ்ப் பெண்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், 20 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைத்த போனஸுக்காகச் சாலையில் உட்கார்ந்தார்கள். சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டுத் தாங்களே பேசி, போனஸை மீட்டார்கள். 'பெம்பிளை ஒருமை' என்ற அந்தப் போராட்டத்தைத் தொலைக்காட்சிகள் காட்டின. அந்த முழக்கங்களைக் கட்டிய பெண்கள் இன்றும் லயங்களில் இருக்கிறார்கள். போய்க் கேட்க நேரம் இருக்கிறது. எப்போதும் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு, பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள். அவர்களோடு எத்தனை பாட்டு போயிற்று?

மாணவ நண்பர்களே, உங்கள் ஒவ்வொருவர் கையிலும் ரிக்கார்டர் இருக்கிறது. 1941-இல் அதைக் காரில் ஏற்றிக்கொண்டு வர வேண்டியிருந்தது. பாடியவரின் பெயர், அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் பெயர், ஊர், தோட்டம், தேதி, அன்றைய கூலி. இந்த ஆறையும் அவர் சம்மதத்தோடு எழுதுங்கள். பதிவின் ஒரு பிரதியை அவர் கையில் கொடுங்கள். உங்கள் பெயரையும் எழுதுங்கள், வொர்க்குக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கலாம். பிறகு அந்தப் பாட்டை எந்த நடிகர் பாடினாலும், எந்த இசையமைப்பாளர் எடுத்தாலும், பெயரைச் சொல்லிப் பங்கு கேட்க நமக்கு ஒரு தாள் இருக்கும்.

இந்தச் சொற்பொழிவை அச்சிடும்போது காணிக்கைப் பக்கம் ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தேன். அமைப்புத் தோழர்கள் ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பக்கத்தில் என் அம்மாச்சியின் பெயர் இருக்கிறது. இந்த முறை இடம் பத்தியது.