பழைய காரின் தரை: மும்பைப் பட்டறைகளில் ஒரு கைத்தொழில்

பழைய காரில் துரு முதலில் தின்பது தரைத் தகட்டையும், என்ஜினுக்கும் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் நடுவே தடுப்பாக நிற்கும் ஃபயர்வாலையும்தான். இவற்றை அறுத்தெடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யும் வேலையை, வசதியுள்ளவர்கள் ஆசைக்கு வாங்கிய வண்டிகளுக்குச் செய்துகொள்ளும் நுட்பமாகவே இன்று பலரும் அறிவார்கள். மும்பையில் அந்த நுட்பத்தை வளர்த்தவர்கள் டாக்சிக்காரர்களும், அவர்களை நம்பிப் பிழைத்த சாலையோரப் பட்டறைக்காரர்களும். டாக்சியாக ஓடிய கார் நகரின் குர்லா ஆலையில் பிறந்தது. நகரமெங்கும் ஓடித் தேய்ந்தது. கடைசியில் குர்லா, மான்குர்த் பக்கத்துப் பழைய இரும்புக் கிடங்குகளுக்கு வந்து சேர்ந்தது. தகடு மாற்றும் தொழிலும் இந்த வட்டத்துக்குள்ளேயே வளர்ந்தது.

பம்பாயில் கார்கள் ஓடத் தொடங்கியது 1898 வாக்கில். அந்தக் காலத்து வண்டியில் பாரம் முழுவதையும் தாங்கியது அடியில் இருந்த சேஸிஸ் சட்டம். மேற்கூடு என்பது மரச்சட்டத்தின் மேல் போர்த்திய தகடு. தரை பெரும்பாலும் பலகை. பலகை உளுத்தால் தச்சர் மாற்றிக் கொடுப்பார், வண்டியின் பலத்துக்கு ஒன்றும் ஆகாது. சென்னையில் 1840-இல் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனம், குதிரை வண்டிக் கூடு கட்டிய அனுபவத்தோடுதான் மோட்டார் வண்டிக்கு வந்தது. 1903-இல் நீராவிக் கார் ஒன்றையே செய்து ஓட்டிக் காட்டியது. பம்பாயிலும் தகடு வேலை தெரிந்த கைகளுக்குக் குறைவில்லை. மாட்டுங்காவில் 1915 முதல் ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை இருந்தது. துறைமுகத்தில் கப்பல் வேலை நடந்தது. 1928-இல் ஜெனரல் மோட்டார்ஸ் சிவ்ரியில் கார் பூட்டும் ஆலையைத் திறந்தபோது நாட்டுக்கே அது முதல் ஆலை.

வால்சந்த் ஹீராசந்த் 1944-இல் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், குர்லாவில் முதலில் அமெரிக்க வண்டிகளைப் பூட்டி விற்றது. பிறகு இத்தாலியின் ஃபியட்டோடு கைகோத்தது. ஃபியட் 1953-இல் வெளியிட்ட 1100-103 மாடலில் தனி சேஸிஸ் கிடையாது. தரை, பக்கவாட்டுக் கதவடிச் சட்டம், ஃபயர்வால், கூரை எல்லாம் ஒன்றோடொன்று ஸ்பாட் வெல்டிங்கில் இணைந்து, கூடே பாரத்தைத் தாங்கியது. மோனோகாக் எனப்படும் இந்தக் கட்டமைப்பு அடுத்த ஆண்டே குர்லாவுக்கு வந்தது. 1964-இல் ஃபியட் டிலைட், 1974-இல் பிரீமியர் பத்மினி என்று பெயரும் முகமும் மாறினாலும் அடிப்படை அதேதான். உத்தர்பாராவில் தயாரான அம்பாசடரும் மோனோகாக்கே. அதன் முன் சக்கரங்களைத் தாங்கும் டார்ஷன் பார்களின் பின்முனை தரைக்கடியில் உள்ள குறுக்குச் சட்டத்தில் பிடித்திருக்கும். தரை இற்றால் அந்தப் பிடியும் ஆட்டம் காணும். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு மட்டும் தனி சேஸிஸை விடாமல் வைத்திருந்தது. அதன் கூட்டைப் பகுதி பகுதியாகப் போல்ட் கழற்றி எடுக்கலாம் என்பதால் பட்டறைக்காரர்களுக்கு அது எளிய வண்டி. மற்றவற்றில் தரையைத் தொடுவது முதுகெலும்பைத் தொடுவதற்குச் சமம்.

வண்டியை மாற்றிவிடலாமே என்றால் அந்தக் காலத்தில் வழியில்லை. 1959-இல் வந்த கட்டுப்பாட்டு ஆணைக்குப் பிறகு காரின் விலையையும் விற்பனையையும் அரசு நிர்ணயித்தது. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கையிலிருக்கும் வண்டியை எப்படியாவது உயிரோடு வைத்திருப்பது அன்றைய கட்டாயம். மும்பையின் காற்றோ அதற்கு நேர் எதிராக வேலை செய்தது.

இரும்பு துருப்பிடிக்க ஈரமும் பிராணவாயுவும் போதும். உப்பு சேர்ந்தால் வேகம் பல மடங்கு. கடற்காற்றில் வரும் உப்புத்தூள், காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 76 விழுக்காட்டைத் தாண்டியதும் தானே நீரை உறிஞ்சிக் கரைந்துவிடும். மழைக்காலத்து மும்பையில் அந்த அளவு நாள் முழுவதும் நிலைத்திருக்கும். மழை நின்ற பிறகும் தகடு காயாது. மான்குர்த் இந்த விஷயத்தில் இன்னும் கொடுமையான இடம். கிழக்கே தானே கடற்கழி, அதைச் சுற்றி அலையாத்திச் சதுப்பு. வடக்கே 1927 முதல் நகரத்தின் குப்பை வந்து குவிந்த தேவனார். தெற்கே டிராம்பேயில் 1954, 1955-இல் எழுந்த இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், பின்னால் அனல் மின் நிலையம், 1965-இல் உர ஆலை. புகையிலுள்ள கந்தக டை ஆக்சைடு ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகும். உப்பும் அமிலமும் ஒரே தகட்டில் படிந்தால் பெயின்ட் எவ்வளவு நாள் தாங்கும்? காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம், நாட்டின் பல ஊர்களில் இரும்புத் தகடுகளைத் திறந்தவெளியில் வைத்து அரிமானத்தை அளந்து, இந்தியாவுக்கென்று ஒரு அரிமான வரைபடமே தயாரித்தது. கடலோர ஊர்களும் தொழிற்பேட்டைகளும் அதில் தனித்துத் தெரிபவை. மான்குர்த்தில் இரண்டும் ஒன்றுசேர்ந்திருக்கின்றன.

துரு வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. முன் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் காய்ந்து வெடித்ததும் மழைநீர் டேஷ்போர்டுக்குப் பின்னால் இறங்கி, ஃபயர்வாலின் உள்முகத்தில் வழிந்து, ஓட்டுநரின் காலடியில் தேங்கும். அங்கே ரப்பர் மேட்டும் அதனடியில் சணல் விரிப்பும் கிடக்கும். மேட் நீரை மூடி வைக்கும். சணல் அதைக் குடித்து வைத்துக்கொள்ளும். மேலே பார்த்தால் ஈரமே தெரியாது. என்ஜின் பக்கத்தில் பேட்டரியின் அமிலக் கசிவும், பெயின்ட்டை உரித்துவிடும் பிரேக் ஆயிலும் தம் பங்கைச் செய்யும். இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வெல்டிங் ஆன இடுக்கில் ப்ரைமர் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. துரு அங்கே புகுந்தால், இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்டுப் பருத்து, வெல்டிங் புள்ளிகளையே பிளந்துவிடும். ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தால் நல்ல பெயின்ட்டுக்குள்ளே வெறும் பொருக்கு உதிரும்.

பழைய டாக்சிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் எஃப்.சி. என்பதை மும்பையில் பாஸிங் என்பார்கள். பாஸிங் நெருங்கும்போதுதான் பத்ரா வேலைக்கு, அதாவது தகடு வேலைக்கு, வண்டி வரும். டாக்சி ஓடாத ஒவ்வொரு நாளும் வீட்டில் அடுப்பைப் பாதிக்கும் என்பதால் எல்லாமே அவசர வேலை. ஓட்டையைச் சுற்றி உளியால் வெட்டி, அளவுக்கு ஒரு தகடு நறுக்கி மேலே வைத்து, கேஸ் வெல்டிங்கிலோ பித்தளைப் பற்றிலோ ஒட்டி, அடியில் தார் பூசி அனுப்பிவிடுவார்கள். கம்பெனித் தரை விலை அதிகம், கிடைப்பதும் அரிது. ஆகவே தகடு பெரும்பாலும் எண்ணெய் டிரம்மை நெடுக்கில் பிளந்து தட்டி நிமிர்த்தியது. தாராவியில் பழைய டின்னும் டிரம்மும் சுத்தம் செய்து விற்பது ஒரு தனித் தொழில் என்பதால் சரக்குக்குப் பஞ்சம் வந்ததில்லை. காரின் தரை சுமார் 0.9 மி.மீ. தடிமனில் இருக்கும், டிரம் தகடு 1.2 மி.மீ. வரை வரும். கனமான தகடு என்பதால் வேலை கெட்டிதான் என்று டாக்சிக்காரர் நம்பினார். ஆனால் ஒட்டின் அடியில் விட்டுவைத்த பழைய துரு நிற்காமல் பரவும். அது வெளியேறாதபடி தார் மூடிக்கொள்ளும். இரண்டு மூன்று மழைக்காலத்தில் ஒட்டின் விளிம்பே கிழியும். அதன்மேல் இன்னொரு ஒட்டு. அறுத்துப் பார்த்தால் அடுக்கடுக்காகத் தகடு இருக்கும் பத்மினிகள் இப்படித்தான் உருவாயின. இதைப் பட்டறைக்காரரின் திறமைக்குறைவு என்று சொல்லிவிட முடியாது. ஒரு நாள் கூலியில் ஒரு நாளுக்குள் முடிக்கச் சொன்ன வேலை அது.

அதே கைகளுக்கு நேரமும் கூலியும் கிடைத்தபோது அவை செய்த வேலையின் தரமே வேறு. முறையான வேலையில் வெட்டுவதற்கு முன்பு அளவெடுப்பு நடக்கும். நான்கு கதவுகளின் இடைவெளியையும், கதவுத் திறப்பின் மூலைக்கு மூலை தூரத்தையும் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்வார்கள். கதவைக் கழற்றி, திறப்பின் குறுக்கே இரும்புக் குழாயைப் பெருக்கல் குறியாகப் பற்றவைப்பார்கள். தரையில்லாத மோனோகாக் தன் எடைக்கே நடுவில் தொய்ந்துவிடும். அந்த நிலையில் புதுத் தரையை ஒட்டினால் தொய்வு நிரந்தரமாகி, பிறகு எந்தக் கதவும் ஒழுங்காகச் சாத்தாது. அதனால் ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கம். ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துளையிட்டு மேல் தகட்டை மட்டும் விடுவிப்பார்கள். துளைக்கருவி சற்று ஆழமாக இறங்கினாலும் அடியிலுள்ள நல்ல குறுக்குச் சட்டம் ஓட்டையாகும். கழன்ற பழைய தரையை எறிய மாட்டார்கள். எவ்வளவு இற்றிருந்தாலும் அதுதான் புதுத் தரைக்கு அச்சு.

தரைத் தகட்டில் நீளவாக்கில் ஓடும் புடைப்புகள் அலங்காரத்துக்கானவை என்று பலரும் நினைக்கிறார்கள். தட்டையான தகடு ஓட்டத்தில் பறை போல அதிரும்; புடைப்பு அதை அடக்கி விறைப்பைத் தருகிறது. ஆலையில் ஒரே அழுத்தத்தில் விழும் அந்த வடிவத்தைப் பட்டறையில் கொண்டுவர, கெட்டி மரக்கட்டையில் பள்ளம் செதுக்கி, தகட்டை அதன்மேல் வைத்து, மழுங்கிய உளியால் சிறுகச் சிறுக அடித்து இறக்குவார்கள். ஒரே இடத்தில் அதிகம் அடித்தால் தகடு நீண்டு நெளியும். கைப்பிடி சுற்றும் உருளை யந்திரம் பரவிய பிறகு இந்த வேலை சுலபமாயிற்று.

ஃபயர்வால் இதைவிடக் கடினம். ஸ்டியரிங் தண்டு, பெடல்கள், ஆக்சிலரேட்டர், ஸ்பீடாமீட்டர் கேபிள், வயரிங் கட்டு ஆகியவை அதைத் துளைத்துக்கொண்டுதான் போகின்றன. ஒவ்வொரு துளையும் அதனதன் இடத்தில் வர வேண்டும். பெடல் துளை சிறிது விலகினாலும் கிளட்ச் இழுபடும். வேலைக்கு முன் என்ஜினையும், வயரிங்கையும், முன் கண்ணாடியையும் இறக்கியாக வேண்டும். அதனால் முழு ஃபயர்வாலை மாற்றுவது அபூர்வம். பாதம் வைக்கும் சாய்தகட்டையும் இரண்டு கீழ்மூலைகளையும் தனித்தனித் துண்டுகளாகச் செய்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒட்டுவதே வழக்கம். இங்கே மிச்சம் விட்ட சிறு ஓட்டையும் ஆபத்து. அதன் வழியாகப் பெட்ரோல் வாடையும் சைலன்சர் புகையும் உள்ளே வரும். தீப்பிடித்தால் ஓட்டுநர் தப்பிக்கக் கிடைக்கும் நொடிகள் குறையும். ஃபைபரும் பட்டியும் வைத்து இந்த இடத்தை மூடுவதை எந்தக் காரணத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

1983 டிசம்பரில் மாருதி வந்தது. அதன் மெல்லிய தகட்டைக் கேஸ் வெல்டிங்கின் பரந்த சூடு வளைத்துவிடும் என்பதால் பட்டறைகள் படிப்படியாக சி.ஓ.2 வெல்டிங்குக்கு மாறின. பழைய வண்டிகளுக்கும் அது நல்லதாகப் போயிற்று. புதுத் தகட்டில் வரிசையாகத் துளையிட்டு, துளைக்குள் உலோகத்தை நிரப்பி, பழைய ஸ்பாட் வெல்டிங்கைப் போலவே இணைக்க முடிந்தது, ஒட்டு தெரியவில்லை. துத்தநாக ப்ரைமர், இடுக்கில் பூசும் சீலர், உட்புழையில் பீய்ச்சும் மெழுகு ஆகியவை பிறகு வந்து சேர்ந்தன. 2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை கொட்டியபோது, சேற்று நீரில் மூழ்கிய கார்களின் தரையில் நுழைந்த ஈரம் அடுத்து வந்த ஆண்டுகளில் தகடு வேலைக்காரர்களுக்கு வேலையாக மாறியது.

அதற்குள் பத்மினியின் காலம் முடிந்துகொண்டிருந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றது. மும்பையின் கடைசிப் பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29-இல் பதிவானது. டாக்சிக்கு 20 ஆண்டே ஆயுள் என்ற விதிப்படி 2023 அக்டோபரோடு அந்த வரிசை ஓய்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பல்லாயிரம் வண்டிகள் உடைபட்டன. மான்குர்த்தின் மண்டாலா பகுதியில் நெருக்கியடித்து நிற்கும் பழைய பொருள் கிடங்குகள் அடிக்கடி தீப்பிடித்துச் செய்தியில் அடிபடுபவை. இப்படிப்பட்ட சந்தைகளில் ஒரு காலத்தில் எடைக்குப் போன பத்மினிக் கதவும் பானெட்டும், புதுப்பிப்பவர்கள் தேடி வாங்கும் சரக்காகிவிட்டன. தரை மட்டும் எந்தச் சந்தையிலும் நல்ல நிலையில் கிடைப்பதில்லை. அதை இன்றும் கையால்தான் அடிக்க வேண்டும்.

2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்கெனத் தனி விதி வகுத்தது. 50 ஆண்டு கடந்த வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டணத்தில் பத்தாண்டுப் பதிவும் ‘வி.ஏ.’ எண் வரிசையும் கிடைக்கும். ஏற்கெனவே பதிவானவை பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். 1974-இன் முதல் பத்மினிகள் 2024-இல் இந்த வயதை எட்டின. சேஸிஸ், கூடு, என்ஜின் மூன்றிலும் மூல வடிவம் மாறியிருக்கக் கூடாது என்று விதி சொல்வதால், புதுத் தரையின் ஒவ்வொரு புடைப்பும் பழையபடி இருக்க வேண்டியதாயிற்று. பல மாடல்களில் சேஸிஸ் எண் ஃபயர்வாலில்தான் பொறித்திருக்கும். அந்தச் சிறு பரப்பை மட்டும் வெட்டாமல் நிறுத்தி, துருவைச் சுரண்டிச் சுத்தம் செய்து, அதைச் சுற்றியே புதுத் தகட்டைப் பற்றவைக்கிறார்கள்.