போதைப்பொருள் தடுப்புப் பணி, கொழும்பு

கொழும்பு 12இல் உள்ள புதுக்கடை, நீதிமன்றங்களுக்குப் பேர்போன இடம். ஹெரோயின், ‘ஐஸ்’ எனப்படும் மெத்தம்பெட்டமைன் வழக்குகளும் இங்கே விசாரிக்கப்படுகின்றன. ஆயினும் போதைக்கு அடிமையாதல் குற்றம் மட்டுமன்று, சிகிச்சை வேண்டும் நோயும் ஆகும் என்னும் தெளிவிலிருந்தே தடுப்புப் பணி தொடங்குகிறது.

நிறுவனங்கள்: தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை 1984ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. தலங்கம, காலி, கண்டி, நிட்டம்புவ ஆகிய இடங்களில் அதன் சிகிச்சை நிலையங்கள் உள்ளன. சுமித்ரயோ அமைப்பின் ‘மெல் மெதுர’ நிலையம் ஆற்றுப்படுத்தல் வழங்குகிறது. மதுசாரம் மற்றும் போதைப்பொருள் தகவல் நிலையம் பாடசாலைகளிலும் ஊர்களிலும் விழிப்புணர்வூட்டுகிறது.

சட்டம்: 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம், போதைக்கு அடிமையானோருக்கான சிகிச்சையையும் புனர்வாழ்வையும் வகுத்துரைக்கிறது.

அளவுமீறிய பாவனை: ஹெரோயின் அளவு மீறினால் மூச்சு மெலியும், உதடு நீலம் பாரிக்கும், கண்மணி ஊசிமுனையளவு சுருங்கும், தட்டி எழுப்பினாலும் விழிப்பு வராது. உடனே 1990 சுவசெரிய அம்பியூலன்ஸை அழைக்க வேண்டும். மூச்சு இருந்தால் பக்கவாட்டில் கிடத்த வேண்டும்; தனியே விடக் கூடாது. நலொக்சோன் என்னும் மாற்று மருந்து மூச்சை மீட்கும். சிறையிலோ சிகிச்சையிலோ சில காலம் பாவனையை விட்டிருந்தவர் பழைய அளவையே எடுத்தால் உயிராபத்து மிகுதி. உடல் அதைத் தாங்கும் திறனை இழந்திருக்கும்.

வெட்கத்தால் மறைக்கும் வீட்டில் உதவி பிந்துகிறது. மறைக்காதீர்கள், ஆலோசனைக்கு 1927ஐ அழையுங்கள்.