எச்சரித்தவரைக் காத்தல்: அமெரிக்க இரயில்வே தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்களின் வரலாறு

முன்னுரை

தண்டவாளத்தின் விரிசலையும் பிரேக்கின் பழுதையும் முதலில் அறிபவர் களத்தில் பணியாற்றும் தொழிலாளரே. அவர் அதனை அறிவித்தால் வண்டி தாமதமாகும். மறைத்தால் உயிர்கள் இடருக்குள்ளாகும். அறிவித்தவர் வேலையை இழப்பாராயின் அடுத்தவர் வாய் திறவார். இந்நிலையை மாற்ற அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இயற்றப்பட்ட சட்டங்களின் வளர்ச்சியை இக்கட்டுரை ஆராய்கிறது.

கருவியும் இழப்பீடும்

19ஆம் நூற்றாண்டில் பெட்டிகளைக் கையால் இணைக்கும்போது தொழிலாளர் பலர் விரல்களையும் கைகளையும் இழந்தனர். 1893ஆம் ஆண்டுச் சட்டம் தானியங்கி இணைப்பிகளையும் காற்றழுத்தப் பிரேக்குகளையும் கட்டாயமாக்கியது. 1908ஆம் ஆண்டுச் சட்டம், நிறுவனத்தின் கவனக்குறைவால் காயமுற்றோர் இழப்பீடு கோரி வழக்குத் தொடுக்க வழிவகுத்தது. அதில் 1939இல் சேர்க்கப்பட்ட பிரிவு, விபத்துக் குறித்துத் தாமாக முன்வந்து தகவல் அளிப்போரைத் தண்டிப்பதைக் குற்றமாக்கியது. எனினும், பின்னிரண்டும் விபத்து நேர்ந்த பின்னரே துணைநின்றன.

உரிமையும் மன்றமும்

1970ஆம் ஆண்டின் கூட்டாட்சி இரயில்வே பாதுகாப்புச் சட்டம் 1980இல் திருத்தப்பட்டது. பாதுகாப்பு விதிமீறல் குறித்து முறையிட்ட தொழிலாளரைப் பணிநீக்கம் செய்வதை அத்திருத்தம் தடைசெய்தது. ஆயினும், இதன்வழி எழுந்த பூசல்கள் 1926ஆம் ஆண்டின் இரயில்வே தொழிலாளர் சட்டப்படி நடுவர் முறையிலேயே தீர்க்கப்பட்டன. கூட்டு ஒப்பந்தங்களுக்குப் பொருள் காண்பதற்கென அமைந்த நடுவர் முறை, பழிவாங்கலை விசாரிக்க ஏற்றதாக இல்லை.

2007ஆம் ஆண்டுத் திருத்தம் இவ்விசாரணையைத் தொழிலாளர் துறையிடம் ஒப்படைத்தது. பாதிக்கப்பட்டவர் 180 நாள்களுக்குள் முறையிடல் வேண்டும். 210 நாள்களுக்குள் இறுதி முடிவு வராவிடின் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம். தண்டனைசார் இழப்பீடு 2,50,000 டாலர் வரை வழங்கப்படலாம். பணியிடக் காயத்தை அறிவிப்பதும் பாதுகாக்கப்பட்ட செயலாயிற்று. 2008இல், காயமுற்றவருக்கு மருத்துவம் மறுப்பதும் தாமதிப்பதும் தடைசெய்யப்பட்டன.

மெய்ப்பிக்கும் பொறுப்பு

புதிய முறைப்படி, தம் முறையீடு நடவடிக்கைக்கு ஒரு துணைக்காரணமாக இருந்தது எனத் தொழிலாளர் காட்டினால் போதும். முறையீடு இல்லாவிடினும் அதே நடவடிக்கையை எடுத்திருப்போம் என்பதைத் தெளிவான, ஐயமகற்றும் சான்றால் நிறுவுவது நிறுவனத்தின் பொறுப்பாகும். பழிவாங்கும் நோக்கத்தையும் தொழிலாளர் மெய்ப்பிக்க வேண்டுமா என்பதில் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் முரண்பட்டன. 2024இல் உச்ச நீதிமன்றம், இதே சான்றுமுறையைக் கொண்ட நிதிமுறைகேடு தொடர்பான சட்டத்தின்கீழ் எழுந்த வழக்கொன்றில், அது தேவையில்லை எனத் தீர்ப்பளித்தது.

முடிவுரை

அறிவிக்கும் உரிமை 1980லேயே ஏட்டில் இடம்பெற்றிருந்தது. அதற்கு வலுவூட்டியவை, எவர் விசாரிப்பது, எவர் மெய்ப்பிப்பது என்னும் இரு வினாக்களுக்கு 2007இல் கிடைத்த புதிய விடைகளே. ஆகவே, தொழிலாளர் சட்ட வரலாற்றை ஆராய்வோர் உரிமையின் வாசகத்தோடு அதனை நிலைநாட்டும் நடைமுறையையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.