காயம் ஆறுதலும் விற்றமின் ஏயைச் சுமக்கும் புரதங்களும்

காயமடைந்தவர்களுக்கும் சத்திரசிகிச்சைக்கு உள்ளானவர்களுக்கும் 'கிரந்தி' எனக் கூறி மீனையும் முட்டையையும் விலக்கிவைக்கும் வழக்கம் எமது வீடுகள் பலவற்றில் இன்றும் உண்டு. காயம் ஆறும் விதம் பற்றி விஞ்ஞானம் கண்டறிந்துள்ளவற்றோடு இவ்வழக்கத்தை ஒப்புநோக்குவது அவசியமாகின்றது.

விற்றமின் ஏ கொழுப்பிற் கரைவது. அதன் பெரும்பகுதி ஈரலிலேயே சேமிக்கப்படுகின்றது. குருதியில் அது தனித்துச் செல்ல இயலாதாகையால், ஈரல் உற்பத்தி செய்யும் ரெட்டினோல் பிணைப்புப் புரதமே அதனை இழையங்களுக்குச் சுமந்து செல்கின்றது. இப்புரதம் மிகச் சிறியது. சிறுநீரகத்தின் வழியே இழக்கப்படக்கூடியது. ட்ரான்ஸ்தைரெட்டின் எனும் மற்றொரு புரதம் அதனுடன் இணைந்து அவ்விழப்பைத் தடுக்கின்றது.

கலத்தினுள் ரெட்டினோல், ரெட்டினோயிக் அமிலமாக மாற்றமடைந்து, கலக்கருவிலுள்ள ஏற்பிப் புரதங்களுடன் பிணைந்து மரபணுக்களை இயக்குகின்றது. இவ்வேற்பிகளை 1987ஆம் ஆண்டில் பிரான்ஸில் பியர் ஷம்போன் குழுவினரும், அமெரிக்காவில் ரொனால்ட் எவன்ஸ் குழுவினரும் தனித்தனியே அடையாளங்கண்டனர். புதிய தோற்கலங்கள் பெருகி முதிர்வதிலும் கொலாஜன் உருவாக்கத்திலும் இந்த ஏற்பாட்டுக்குப் பங்குண்டு. தோலிலுள்ள பக்றீரியாக்களை அழிக்கும் ஒரு புரதம் உருவாவதற்கும் விற்றமின் ஏ தேவை என்பது எலிகளில் மேற்கொள்ளப்பட்டு 2019இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது.

ஸ்டீரொயிட் மருந்துகள் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்துவன. அத்தாமதத்தை விற்றமின் ஏ ஈடுசெய்யக்கூடும் என்பதை எர்லிச், ஹன்ட் ஆகியோர் 1968இல் விலங்குகளில் எடுத்துக்காட்டினர். எனினும், அளவு மிகுந்தால் நன்மை மிகும் என்பதில்லை. காயம் ஏற்பட்ட வேளையில் உரோமக் கணுக்களின் தண்டுக்கலங்கள் தோலைச் சீர்செய்ய முன்வருவதற்கு ரெட்டினோயிக் அமிலத்தின் அளவு தற்காலிகமாகக் குறையவேண்டியிருக்கின்றது என்பதை, ரொக்ஃபெலர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் எலிகளில் கண்டறிந்தனர்.

இங்கு கவனிக்கவேண்டிய முக்கிய விடயம் ஒன்றுண்டு. உணவிற் புரதமோ நாகச்சத்தோ குறையுமிடத்து, ஈரல் போதியளவு பிணைப்புப் புரதத்தை வெளிவிடுவதில்லை. அப்போது ஈரலில் விற்றமின் ஏ சேமிப்பிலிருந்தும் அது காயத்தைச் சென்றடைவது குறைந்துவிடுகின்றது. கடுங்காயமும் தொற்றும் குருதியில் இப்புரதத்தின் அளவை மேலும் வீழ்த்துகின்றன. ஆகவே நோயாளியின் தட்டிலிருந்து மீனையும் முட்டையையும் அகற்றுவது, சரக்கு நிறைந்த களஞ்சியத்தை வைத்துக்கொண்டு வண்டிகளை நிறுத்திவிடுவதற்கு ஒப்பானதாகும். ஒவ்வாமை உள்ளவர்கள் குறித்த உணவைத் தவிர்ப்பது வேறு விடயம். அவர்களுக்கு மாற்றுப் புரத உணவு வழங்கப்படவேண்டும்.

மீன், முட்டை, பருப்பு ஆகியவற்றோடு முருங்கையிலை, பொன்னாங்காணி, கரட், பப்பாசி என்பனவும் எமக்கு எட்டக்கூடியவையே. விற்றமின் ஏ மாத்திரைகளை வைத்திய ஆலோசனையின்றி உட்கொள்வது ஈரலைப் பாதிக்கலாம். கர்ப்பிணிகள் அளவுக்கு மீறி உட்கொண்டால் சிசுவின் அங்க வளர்ச்சியும் பாதிக்கப்படலாம். நீரிழிவு நோயாளரின் ஆறாத புண்ணுக்கு உணவு மட்டும் மருந்தாகாது. சீனியின் அளவைக் கட்டுப்படுத்துவதும் உரிய சிகிச்சையும் இன்றியமையாதவை. ஆயினும் பத்தியத்தின் பெயரால் நோயாளியைப் பட்டினி போடுவது எந்தப் புண்ணையும் ஆற்றப்போவதில்லை.