எப்களைத் தட்டிவிட்டால் சார்ஜ் நிற்குமா? ஒரு சின்ன வரலாறு



நேற்று இன்டர்வலில் ஸ்டாஃப் ரூமில் ஒரு வாக்குவாதம். "பின்னால ஓடுற எப் எல்லாத்தையும் தட்டி விட்டாத்தான் சேர் சார்ஜ் நிக்கும்" என்றார் ஒருவர். "அதெல்லாம் சும்மா கதை" என்றார் மற்றவர். கடைசியில் இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் படிப்பிப்பது வரலாறு, ஐ.சி.ரி. இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதில் நான் செய்த ஒரு பிழையும் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2003 இல் வந்த நோக்கியா 1100 ஐ நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். டோர்ச் உள்ள போன். அதன் பெட்டரி வெறும் 850 மில்லி அம்பியர் மணி. இன்றைய போன்களில் 5000 சாதாரணம். ஆனாலும் அது நாட்கணக்கில் நின்றது. காரணம் எளிது. சின்னக் கறுப்பு வெள்ளைத் திரை, இன்டர்நெட் இல்லை, பின்னால் ஓட எதுவுமே இல்லை. அழைப்பு வருகிறதா என்று டவரைப் பார்த்துக்கொண்டு மற்ற நேரமெல்லாம் தூங்கும்.

2007 இல் ஐபோன் வந்தது. அடுத்த வருடம் வெளியார் செய்த எப்களுக்கு அப்பிள் கதவைத் திறந்தது. ஆனால் ஒரு கட்டுப்பாடு: ஒரு நேரத்தில் ஒரு வெளி எப்தான். வெளியே வந்தால் அது நின்றுவிடும். பெட்டரி போய்விடும் என்பது அப்பிள் சொன்ன காரணங்களில் ஒன்று. அதே 2008 இல் முதலாவது அன்ட்ரொய்ட் போன், எச்.ரி.சி. செய்த ஜி1, வந்தது. கூகுளின் எண்ணம் நேரெதிர். எத்தனை எப் வேண்டுமானாலும் திறவுங்கள், மெமரி நிறைந்தால் எதை மூடுவது என்று போனே பார்த்துக்கொள்ளும் என்றார்கள். அந்தப் போனின் பெட்டரி 1150 மட்டுமே. 3ஜி, ஜி.பி.எஸ்., டச் ஸ்கிரீன் எல்லாம் அதில்தான் ஓட வேண்டும். பின்னேரம் ஆகும்போது போன் செத்துவிடும்.

மக்கள் குற்றவாளியைத் தேடினார்கள். "டாஸ்க் கில்லர்" என்ற எப்கள் அப்போதுதான் பிரபலமாகின. ஒரு பட்டனை அழுத்தினால் ஓடுகிற எல்லாவற்றையும் கொன்றுவிடும். "இத்தனை எப் மூடப்பட்டது, இத்தனை எம்.பி. மிச்சம்" என்று காட்டும். பார்க்க மனதுக்கு என்ன ஒரு நிம்மதி! நானும் ஒன்றை வைத்திருந்தேன்.

இங்கேதான் குழப்பம். மெமரியில் ஒரு எப் இருப்பது வேறு, அது வேலை செய்வது வேறு. மேசையில் திறந்து கிடக்கும் கொப்பி கரண்ட் குடிப்பதில்லை. அதை எடுத்து அலுமாரியில் வைத்து, ஐந்து நிமிடத்தில் திரும்பவும் தேடி எடுப்பதுதான் வேலை. கொல்லப்பட்ட எப்களில் பல அடுத்த நிமிடமே தாமாக எழுந்துவிடும். முதலிலிருந்து தொடங்குவதற்குக் கூடுதல் சக்தி போகும். திரும்பவும் கில்லர் கொல்லும். 2010 இல் அன்ட்ரொய்ட் 2.2 வந்தபோது கூகுள் இந்தக் கில்லர்களின் அதிகாரத்தையே குறைத்துவிட்டது.

அப்பிளும் அதே 2010 இல்தான் இறங்கி வந்தது. பாட்டு, இன்டர்நெட் அழைப்பு, இடம் காட்டுதல் போன்ற குறிப்பிட்ட சில வேலைகளை மட்டும் பின்னணியில் செய்யலாம், மற்றவை உறைந்து கிடக்க வேண்டும் என்று ஐஓஎஸ் 4 இல் அனுமதித்தது. அதற்கு ஒரு வருடம் முன்னரே புஷ் நோட்டிபிகேஷன் கொண்டுவந்திருந்தார்கள். என்னைக் கேட்டால் இந்தக் கதையில் மிகப் புத்திசாலித்தனமான வேலை அதுதான். ஐம்பது எப்களும் ஐம்பது தடவை தபால் கந்தோருக்குப் போய் "எனக்குக் கடிதம் இருக்கா?" என்று கேட்பதற்குப் பதிலாக, எல்லோருக்கும் ஒரே தபால்காரர். 3ஜியில் ஒரு சின்னச் செய்தியை அனுப்பினாலும் போனின் ரேடியோ உடனே தூங்குவதில்லை. இன்னும் சில வினாடிகள் முழு விழிப்பிலேயே இருக்கும். ஆகவே செய்தியின் அளவை விட எத்தனை தடவை எழுப்புகிறோம் என்பதே பெட்டரியைத் தின்னும்.

அப்படியானால் "பின்னணி" என்பது வெறும் பயமா? இல்லை. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் சார்லி ஹூ என்பவரின் குழு இதை வருடக்கணக்கில் ஆராய்ந்தது. எப் எழுதியவரின் கவனக்குறைவால் போன் தூங்கவே முடியாமல் விழித்துக் கிடக்கும் பிழைகளை 2012 இல் எழுதிக் காட்டினார்கள். 2015 இல் 2000 கேலக்சி எஸ்3, எஸ்4 போன்களின் தரவைப் பார்த்தபோது, பெட்டரியின் 28.9 வீதத்தை எப்கள் திரை அணைந்திருக்கும் நேரத்தில் தின்றிருந்தன. கால்வாசிக்கும் மேல்!

அதே வருடம் ஒக்டோபரில் பேஸ்புக் மாட்டிக்கொண்டது. ஐபோனில் பின்னணியில் அது பெட்டரியை உறிஞ்சுவதாகப் பலர் முறையிட்டார்கள். கடைசியில் பேஸ்புக்கின் பொறியியலாளர் ஆரி கிராண்ட் இரண்டு பிழைகளை ஒப்புக்கொண்டார். ஒன்று, வீடியோ பார்த்துவிட்டு வெளியே வந்த பிறகும் ஒலிக்கான கதவு திறந்தே கிடந்தது. மற்றது, நெட்வொர்க் வேலையைச் செய்யும் பகுதி ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தது. காரில் போகும் சின்னப்பிள்ளை "வந்துட்டோமா, வந்துட்டோமா" என்று கேட்டுக்கொண்டே இருப்பதைப் போல என்று அவரே உதாரணம் சொன்னார். பிள்ளைகளோடு தூரப் பயணம் போனவர்களுக்கு விளங்கும்.

இதே காலத்தில்தான் கட்டுப்பாட்டை போனே கையில் எடுத்தது. 2015 இல் அன்ட்ரொய்ட் 6 இல் "டோஸ்" வந்தது. திரை அணைந்து, சார்ஜில் இல்லாமல், அசையாமல் கிடந்தால் போன் ஆழ்ந்து தூங்கும். இடைக்கிடை மட்டும் கொஞ்சம் விழித்து, தேங்கிய வேலைகளை ஒரே தடவையில் முடிக்கும். 2018 இல் அன்ட்ரொய்ட் 9, நாம் எந்த எப்பை எவ்வளவு பாவிக்கிறோம் என்று பார்த்துத் தரம் பிரிக்கத் தொடங்கியது. அரிதாகத் திறப்பவற்றுக்குப் பின்னணியில் இடம் குறைவு.

இடையில் 2016 மார்ச்சில், எப்களை மூடினால் பெட்டரி நிற்குமா என்று ஒருவர் அப்பிள் தலைவர் டிம் குக்குக்கு மின்னஞ்சல் போட்டார். பதில் அனுப்பியவர் மென்பொருள் பிரிவின் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி. இல்லை என்பதே பதில். அன்ட்ரொய்டுக்குப் பொறுப்பான ஹிரோஷி லொக்ஹைமரும் அதே வாரம் அதையே சொன்னார்.

ஆகவே ஸ்டாஃப் ரூமில் இரண்டு பேரும் பாதி சரி. தட்டி மூடுவது பலன் தராது. ஆனால் தேவையில்லாமல் விழித்திருக்கும் ஒரு எப்பை செட்டிங்ஸில் கட்டுப்படுத்துவது பலன் தரும். இந்த வித்தியாசம் எனக்கு அன்று தெரிந்திருக்கவில்லை.

இனி என் பிழைக்கு வருகிறேன். 2021 இல் பாடசாலைகள் மூடியிருந்த காலம். ஓ/எல் வகுப்புக்கு வட்ஸ்அப் குரூப்பில் பாடமும் ஸூம் லிங்கும் போடுவேன். பிள்ளைகள் சார்ஜ் போதாது என்று சொல்ல, பெரிய அறிவாளி போல வொய்ஸ் கட் ஒன்று போட்டேன்: "எல்லா எப்பையும் பெட்டரி செட்டிங்ஸில் ரெஸ்ட்ரிக்ட் பண்ணுங்க." பிறகு ஒரு மாணவி தொடர்ந்து வகுப்புக்கு வரவில்லை. மூன்றாவது தடவை குரூப்பில் எல்லோருக்கும் முன்னால் ஏசிவிட்டேன். பிள்ளை ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து அவளுடைய வாப்பா ஓட்டோவில் வந்து போனைக் கையில் தந்தார். "சேர், மகள் நீங்க சொன்ன மாதிரித்தான் செஞ்சிருக்கா. எப்பைத் திறந்தா மட்டும்தான் மெசேஜ் வருது."

பார்த்தேன். வட்ஸ்அப்பும் ரெஸ்ட்ரிக்ட். சொன்னதை அப்படியே செய்த பிள்ளை. அன்றிரவே அதே குரூப்பில் மன்னிப்புக் கேட்டேன்.

பிறகு தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இது உலகம் முழுக்க உள்ள சிக்கல். பல போன் கொம்பனிகள் அன்ட்ரொய்டின் கட்டுப்பாடு போதாதென்று தங்கள் சொந்தக் கட்டுப்பாட்டையும் மேலே வைக்கின்றன. அலாரம் அடிக்காது, மெசேஜ் பிந்தி வரும். தூக்கத்தை அளக்கும் எப் ஒன்றைச் செய்தவர்கள், எந்தக் கொம்பனி போன் எவ்வளவு மோசம் என்று காட்ட "டோன்ட் கில் மை எப்" என்ற இணையத்தளத்தையே தொடங்கினார்கள். ஸஹருக்கு வைத்த அலாரம் அடிக்காமல் எழும்ப முடியாமல் போனவர்கள் இதைப் பாருங்கள். போனைத் திட்டுவதற்கு முன் அந்த எப்பின் பெட்டரி செட்டிங்ஸைப் பாருங்கள்.

2022 மார்ச் 31 இல் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாள் நினைவிருக்கும். அந்த நாட்களில் நான் செய்தது இவ்வளவுதான்: திரை வெளிச்சத்தைக் குறைத்தேன். சிக்னல் இல்லாத அறையிலிருந்து போனை ஜன்னலோரம் வைத்தேன், சிக்னல் பலவீனமானால் ரேடியோ பலமாகக் கத்த வேண்டியிருக்கும். செட்டிங்ஸில் பெட்டரி யூசேஜ் பட்டியலைத் திறந்து, மேலே இருந்த ஒரு கேமையும் ஒரு ஷொப்பிங் எப்பையும் மட்டும் கட்டுப்படுத்தினேன். வட்ஸ்அப், அலாரம், அதான் எப் மூன்றையும் "அன்ரெஸ்ட்ரிக்டட்" ஆக்கினேன்.

அந்த மாணவி 2022 மே மாதம் ஓ/எல் எழுதினாள். வரலாற்றுக்கு ஏ. போன வாரம் அவளுடைய வாப்பாவின் ஓட்டோவில்தான் டவுனுக்குப் போனேன். இறங்கும்போது தன் புதுப் போனைக் காட்டி, "சேர், இதுல எதையும் தட்டிவிட வேணாம்தானே?" என்று சிரித்தார்.