சென்னை மாநகராட்சி மாமன்றம்

பெருநகரச் சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகளிலிருந்து மக்கள் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்களின் அவை. சென்ட்ரல் ரயில் நிலையத்தை அடுத்த ரிப்பன் மாளிகையில் மேயரின் தலைமையில் கூடுகிறது. குப்பை, மழைநீர் வடிகால், தெருவிளக்கு, உட்புறச் சாலை, பள்ளி, மருத்துவ நிலையம், பூங்கா, சுடுகாடு ஆகியவை அதன் அன்றாடப் பொருள்கள். இவற்றுக்கான பணத்தைத் திரட்டுவதும் செலவிட ஒப்புதல் தருவதும் அதன் அடிப்படை அதிகாரம். கூட்டம் திருக்குறளுடன் தொடங்கும். கேள்வி நேரத்துக்குப் பின் தீர்மானங்கள் வரும்.

லண்டனுக்கு அடுத்து உலகின் மிகப் பழைய மாநகராட்சி என்று இது பரவலாகக் குறிப்பிடப்படுகிறது. இக்கூற்றை அப்படியே ஏற்பது கடினம். டப்ளினில் 13ஆம் நூற்றாண்டிலேயே மேயர் இருந்தார். நியூயார்க்கில் 1665இல் மேயர் அமர்த்தப்பட்டார். இந்தியாவின் மிகப் பழைய மாநகராட்சி என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் 1688இல் தோன்றிய அவையும் இன்றுள்ள மாமன்றமும் ஒரே தொடர்ச்சியா, இடையில் அறுந்து மீண்டும் பிறந்ததா என்பதில் எழுதியவர்கள் ஒன்றுபடவில்லை.

தோற்றம்

மாமன்றம் பிறந்தது ஒரு வரித் தகராறில். 1678இல் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர் ஸ்ட்ரேன்ஷாம் மாஸ்டர், தெருக் குப்பையை அள்ள ஆள் வைத்து, அச்செலவுக்காக வீடுகளின் மீது வரி விதித்தார். மக்கள் எதிர்த்தனர். 1686 தொடக்கத்தில் ஆளுநர் வில்லியம் கிஃபோர்டு, கோட்டைக்கு வெளியே இந்தியர் வாழ்ந்த கறுப்பர் நகரத்துக்குச் சுவர் எழுப்பும் செலவை ஊர் மக்களே ஏற்க வேண்டும் என்றபோது எதிர்ப்பு முற்றியது. கடைகள் அடைக்கப்பட்டன, தொழிலாளர் வேலைக்குப் போகவில்லை, தானியமும் காய்கறியும் கோட்டைக்குள் போவது நின்றது. கடையைத் திறக்காதவர் வீடு விற்கப்படும் என்று தெருத்தெருவாகப் பறையறைந்த பிறகே கதவுகள் திறந்தன. வரி மட்டும் சரிவர வசூலாகவில்லை.

லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியை நடத்திவந்த சர் ஜோசையா சைல்டு இதிலிருந்து கற்ற பாடம் எளியது: கோட்டை விதிக்கும் வரியை ஊர் கட்டாது, ஊரார் தாங்களே உட்கார்ந்து விதித்துக்கொள்ளும் வரியைக் கட்டக்கூடும். எனவே ஊராருக்கு ஓர் அவை வேண்டும். இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் முன்னிலையில் இது பேசப்பட்டபோது, சாசனத்தை மன்னரின் முத்திரையில் தருவதா, கம்பெனியின் முத்திரையில் தருவதா என்ற கேள்வி எழுந்தது. மன்னரிடமிருந்து நேராக அதிகாரம் பெறும் நகரவை கம்பெனிக்கு அடங்காமல் போகலாம் என்ற அச்சத்தால் கம்பெனி முத்திரையே போதும் என்று முடிவானது. 1687 டிசம்பர் 30 தேதியிட்ட சாசனம் அப்படி வந்ததுதான். கோட்டையும் அதைச் சுற்றிப் பத்து மைல் நிலமும் அதன் எல்லை.

ஒரு மேயர், 12 ஆல்டர்மேன்கள் (மூத்த உறுப்பினர்கள்), 60 அல்லது அதற்கு மேற்பட்ட பர்கெஸ்கள் (பொது உறுப்பினர்கள்) என்று அவை அமைந்தது. ஆல்டர்மேன்களில் ஆங்கிலேயர் சிறுபான்மையினர். போர்ச்சுகீசியர், வைரம் விற்ற யூத வணிகர், உள்ளூர் இந்து வணிகர் ஆகியோருக்கும் இடம் இருந்தது. எந்தச் சமூகத்துக்கு எத்தனை இடம் என்பதில் பட்டியல்கள் ஒத்துப்போவதில்லை. இந்து ஆல்டர்மேன்களாகச் சின்ன வெங்கடாத்திரி, முத்து வீரண்ணா, ஆலங்காத்த பிள்ளை ஆகிய மூவரின் பெயர்கள் கிடைக்கின்றன. ஆலங்காத்த பிள்ளை, தங்கசாலைத் தெருவின் ஏகாம்பரேசுவரர் கோயிலைக் கட்டியவர் என்று அறியப்படுபவர்.

அவையின் தொடக்க விழா 1688 செப்டம்பர் 29 அன்று நடந்தது. அப்போது ஆளுநர் எலிஹு யேல். முதல் மேயர் நதானியேல் ஹிக்கின்சன். இவர் வட அமெரிக்காவின் கனெக்டிகட்டில் பிறந்தவர், சில மாதங்களே மேயராக இருந்தார், பின்னாளில் ஆளுநரானார். மேயரும் ஆல்டர்மேன்களும் செந்நிற அங்கியும், பர்கெஸ்கள் வெண்ணிறச் சீனப்பட்டும் அணிந்தனர். முன்னே வெள்ளிச் செங்கோல்கள் சென்றன. ஆல்டர்மேன்கள் நடந்து போகும்போது தலைக்கு மேல் குடை பிடித்துக்கொள்ளலாம் என்று கம்பெனி தனியே எழுத்தில் அனுமதி வழங்கியிருந்தது. குடை ஒரு மரியாதைச் சின்னமாக இருந்த ஊரில் வரி கேட்பதற்கு முன் குடை கொடுக்க வேண்டும் என்பதைத் தொலைவிலிருந்த லண்டன் புரிந்துகொண்டிருந்தது.

நகர மண்டபம், சிறை, ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிக்க எழுதவும் வணிகக் கணக்குப் போடவும் சொல்லித்தரும் பள்ளி ஆகியவற்றை வரிப்பணத்தில் கட்ட வேண்டும் என்றது சாசனம். அங்கியும் செங்கோலும் வந்தன, வரி வரவில்லை. நீதி வழங்கும் மேயர் நீதிமன்றமாகவே அவை நெடுங்காலம் பெயர் பெற்றது.

1726 முதல் 1919 வரை

1726இல் வந்த அரச சாசனம் ஆல்டர்மேன்களின் எண்ணிக்கையை ஒன்பதாகக் குறைத்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர் நகரைப் பிடித்தபோது அவை நின்றது. 1753இல் புதிய சாசனம் பெற்றது. 1798இல் மேயர் நீதிமன்றம் ஒழிந்தது, பின்னர் மேயர் பதவியும் மறைந்தது. 1856இல் மூன்று ஆணையர்கள் நகரைக் கவனித்தனர். 1867இல் நகரம் எட்டுக் கோட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, அரசு நியமித்த 32 ஆணையர்கள் வந்தனர். 1878இல் அவர்களில் பாதிப்பேரை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுத்தனர். சென்னை மக்கள் நகரவைக்கு வாக்களிக்கத் தொடங்கியது இவ்வாண்டில் என்று கொள்ளலாம்.

ஜார்ஜ் டவுனின் எர்ரபாலு செட்டித் தெருவிலிருந்து இயங்கிய அலுவலகம், 1913இல் திறக்கப்பட்ட ரிப்பன் மாளிகைக்கு மாறியது. உள்ளாட்சிக்கு 1882இல் வழி திறந்த ரிப்பன் பிரபுவின் பெயர் அதற்கு இடப்பட்டது. வெள்ளை வெளேரென்ற அந்த மணிக்கூண்டுக் கட்டடத்தைக் கட்டிய ஒப்பந்ததாரர் லோகநாத முதலியார்.

நீதிக்கட்சிக் காலமும் மேயரின் மீள்வருகையும்

1919ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டத்துக்குப் பிறகு மன்றத்தின் தலைவர் பதவி, அரசு அதிகாரியிடமிருந்து உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பவருக்கு வந்தது. நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் அப்பதவியை முதலில் ஏற்றார். அவர் தலைமையில் 1920 செப்டம்பர் 16 அன்று, ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளி மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவிட்டு மதிய உணவு தரத் தீர்மானம் நிறைவேறியது. ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கு வராததற்குப் பசிதான் காரணம் என்று மன்றம் ஏட்டில் எழுதிய நாள் அது. திட்டம் வேறு சில பள்ளிகளுக்கும் பரவியது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவிட அரசு ஒப்பாததால் 1925இல் நின்றது. மதிய உணவு மாநிலம் முழுவதற்கும் வந்தபோது, அதன் வேர் ஆயிரம் விளக்கில் இருப்பதை நினைவுகூர்ந்தவர்கள் சிலரே.

மாம்பலத்தில் அந்தப் பத்தாண்டில் எழுந்த புதிய குடியிருப்புக்குத் தியாகராய நகர் என்று பெயரிட்டார்கள். அதன் தெருக்களில் மன்றத்தின் வரலாற்றையே படிக்கலாம். ஜி.என். செட்டி சாலை, மன்றத் தலைவராயிருந்த கோபதி நாராயணசாமி செட்டியின் நினைவு. வெங்கட்நாராயணா சாலை, ஆணையராயிருந்த வெங்கடநாராயண நாயுடுவின் நினைவு.

1933இல் மேயர் என்ற பெயர் திரும்பி வந்தது. மீண்டு வந்த அப்பெயரை முதலில் தாங்கியவர் எம்.ஏ. முத்தையா செட்டியார். 1939இல் மேயரான எஸ். சத்தியமூர்த்தி, நகரின் தண்ணீர்ப் பஞ்சத்துக்கு விடையாகப் பூண்டி நீர்த்தேக்கத்தை வற்புறுத்திப் பெற்றார். 1940இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1944இல் பணி முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை. நீர்த்தேக்கம் அவர் பெயரைத் தாங்குகிறது. 1956இல் தாரா செரியன் முதல் பெண் மேயரானார். 1959இல் தி.மு.க. மன்றத்தைக் கைப்பற்றியது.

மன்றம் இல்லாத ஆண்டுகள்

தினக்கூலி வருகைப் பதிவேட்டில் இல்லாத ஆட்களின் பெயரில் பணம் எடுக்கப்பட்டது என்ற ‘மஸ்டர் ரோல்’ குற்றச்சாட்டை அடுத்து 1973இல் மன்றம் கலைக்கப்பட்டது. குற்றம் எவ்வளவு, அரசியல் எவ்வளவு என்பது இன்றும் வாதத்துக்குரியது. அதன்பின் 23 ஆண்டுகள் தேர்தலே இல்லை. அரசு நியமித்த தனி அலுவலர்கள் ஆண்டனர். இதே காலத்தில் நகரத் திட்டமிடல் தனிக் குழுமத்துக்கும், 1978இல் குடிநீரும் கழிவுநீரும் தனி வாரியத்துக்கும் போயின. பூண்டிக்காகப் போராடிய மன்றம் திரும்பி வந்தபோது, குழாயில் தண்ணீர் வராததற்கு உறுப்பினர்களைத் தெருவில் கேள்வி கேட்டார்கள். பதில் சொல்லும் அதிகாரம் அவர்களிடம் இல்லை.

1996இல் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த மேயராக மு.க. ஸ்டாலின் வந்தார். மேயரைத் தேர்வு செய்யும் முறை பின்னர் நிலைகொள்ளவில்லை: 2006இல் உறுப்பினர்கள் வழியாக, 2011இல் நேரடியாக, 2022இல் மீண்டும் உறுப்பினர்கள் வழியாக. 2011இல் அம்பத்தூர், திருவொற்றியூர், ஆலந்தூர் உள்ளிட்ட 42 உள்ளாட்சிகள் இணைந்து, 174 சதுர கிலோமீட்டராக இருந்த நகரம் 426 ஆனது. 2013இல் ஒரு ரூபாய் இட்லியோடு அம்மா உணவகங்களை மாநகராட்சி திறந்தது.

நிதி

சொத்துவரி, தொழில்வரி, பத்திரப்பதிவு முத்திரைத் தீர்வையில் கிடைக்கும் பங்கு, மாநில நிதி ஆணையத்தின் ஒதுக்கீடு ஆகியவை முதன்மை வரவுகள். இவற்றில் மன்றம் தன் கையால் தொடக்கூடியது பெரும்பாலும் சொத்துவரியே. அதைத் தொடத்தான் அது அஞ்சி வந்திருக்கிறது. பழைய நகரப் பகுதியில் 1998இல் திருத்திய வரி, 2022 வரை அப்படியே நின்றது. 2018இல் அறிவித்த உயர்வு அடுத்த ஆண்டே நிறுத்திவைக்கப்பட்டது. 2022இல் பழைய பகுதி வீடுகளுக்குப் பரப்பளவைப் பொறுத்து 50 முதல் 150 விழுக்காடு வரை உயர்ந்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்ந்த தயக்கத்தை ஒரே ரசீதில் கண்ட குடும்பங்களின் அதிர்ச்சி நியாயமானதே.

பலகைகள்

பொது இடத்தில் எதை எழுதலாம், யார் எழுதலாம் என்பது மன்றத்தில் அடிக்கடி எழும் பொருள். ஆனால் அதிகாரம் பல கைகளில் சிதறிக் கிடக்கிறது. கடைப் பெயர்ப்பலகையில் தமிழ் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும், தமிழ், ஆங்கிலம், பிறமொழி 5:3:2 என்ற அளவில் அமைய வேண்டும் என்ற விதி கடைகள் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் வருவது. அதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. கோவையில் செம்மொழி மாநாடு நடந்த 2010இல், அன்றைய மேயர் மா. சுப்பிரமணியன் வணிகர்களைத் தமிழ்ப் பலகைக்கு மாறும்படி வலியுறுத்தினார். பல கடைகள் மாற்றின, பல மாற்றவில்லை.

அண்ணா சாலையில் ஒரு காலத்தில் நின்ற பெரும் சினிமாப் பலகைகள் கையால் வரையப்பட்டவை. கட்டம் கட்டமாகத் துணியில் வரைந்து, சாரத்தில் ஏற்றிப் பொருத்தி, ஒரு முகத்தைப் பத்து ஆள் உயரத்துக்குக் கொண்டுவந்த ஓவியர்களின் தொழிலை ஃபிளெக்ஸ் அச்சு ஒரு சில ஆண்டுகளில் முடித்துவைத்தது. அவர்களுள் பெயர் பதிவானவர்கள் மிகக் குறைவு.

விளம்பரப் பலகைக்கு உரிமம் தரும் அதிகாரம், சட்டத்திருத்தத்தால் மாநகராட்சியிடமிருந்து மாவட்ட ஆட்சியருக்குப் போனது, பின்னர் திரும்பியது. இச்சட்டப் பிரிவுகளையும் 2003ஆம் ஆண்டு விதிகளையும் எதிர்த்து விளம்பர நிறுவனங்கள் தொடுத்த வழக்கில், 2008இல் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. 2011ஆம் ஆண்டு விதிகள் தற்காலிக டிஜிட்டல் பேனர்களுக்கும் முன் அனுமதியைக் கட்டாயமாக்கின. காதுகுத்து முதல் கட்சி மாநாடு வரை அனுமதியின்றியே பேனர்கள் எழுந்தன. சமூக ஆர்வலர் டிராஃபிக் ராமசாமி தனி ஆளாக அவற்றைக் கிழித்தும் வழக்குத் தொடுத்தும் வந்தார். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் சாலை நடுவே கட்டிய பேனர் ஒன்று சரிந்து, இருசக்கர வாகனத்தில் சென்ற 23 வயதுப் பொறியாளர் ஒருவர் உயிரிழந்தார். விதி அப்போதும் ஏட்டில் இருந்தது. 2017இல் வந்த சரக்கு சேவை வரிக்காகச் செய்யப்பட்ட அரசமைப்புத் திருத்தத்தில், விளம்பரங்களின் மீது வரி விதிக்கும் அதிகாரம் அரசமைப்பின் மாநிலப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. பலகைகளிலிருந்து உரிமக் கட்டணமே எஞ்சியது.

தெருப் பெயர்ப்பலகைகள் மன்றத்துக்கே உரியவை. எழுபதுகளின் இறுதியில், எம்.ஜி.ஆர். ஆட்சியில், தெருப்பெயர்களிலிருந்து சாதிப் பெயர்கள் நீக்கப்பட்டன. பலகையில் ‘செட்டி’ உதிர்ந்தாலும், ஆட்டோவில் ஏறுபவர் இன்றும் ஜி.என். செட்டி சாலை என்றுதான் சொல்கிறார். பலகையின் மேல் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டப்படுவது தீராத குறை.

அண்மைக் காலம்

2016 முதல் 2022 வரை மீண்டும் மன்றம் இல்லை. 2022 பிப்ரவரித் தேர்தலுக்குப் பின் ஆர். பிரியா மேயரானார், அப்பதவிக்கு வந்த முதல் தலித் பெண் இவர். 2023 ஏப்ரலில் 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை, 1998இல் இயற்றப்பட்டுக் காத்திருந்த நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம் எடுத்துக்கொண்டது. 2025 மே மாதம் கொடுங்கையூர்க் குப்பைமேட்டை அகழ்ந்து நிலத்தை மீட்கும் பணிக்காக மாநகராட்சி 200 கோடி ரூபாய்க்கு வெளியிட்ட கடன் பத்திரங்கள், தேசியப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டன.